பூட்டிய கைப்பேசியும் அவசரத் தொடர்பு எண்ணும்

விபத்தில் நினைவிழந்து கிடப்பவரின் வீட்டாருக்கு எப்படித் தகவல் சொல்வது என்ற சிக்கல் கைப்பேசிக்கு முந்தையது. கலிபோர்னியாவில் 1956இல் தொடங்கிய மெடிக்அலர்ட் அமைப்பு, ஒவ்வாமை, நீரிழிவு போன்ற விவரங்களைக் கைச்சங்கிலியில் பொறித்துத் தந்தது. ஆனால் அது நோயுள்ளவர்களுக்கானது. திடகாத்திரமான ஆள் எவரும் அதை வாங்கி மாட்டிக்கொள்ளவில்லை. கைப்பேசி அப்படியல்ல, எல்லோர் பையிலும் வந்து உட்கார்ந்தது.

பையில் இருந்ததே ஒழிய உதவவில்லை. பெயர்ப்பட்டியலைத் திறந்தால் வரிசையாகப் பெயர்கள். அவற்றில் மனைவி யார், குழாய் பழுதுபார்ப்பவர் யார்? கடைசியாகப் பேசிய எண்ணை அழைத்தால் ஏதோ ஒரு கடைக்காரர் எடுப்பார். இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாவில் ஆம்புலன்ஸ் பாராமெடிக்காகப் பணியாற்றிய பாப் பிராட்சி 2005இல் இதற்கு ஓர் எளிய வழி சொன்னார். ‘இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி’ என்பதன் முதலெழுத்துகளான ‘ஐசிஇ’யைப் பெயராக இட்டு நெருங்கிய ஒருவரின் எண்ணைச் சேமிக்க வேண்டும், ஒருவருக்கு மேல் இருந்தால் ஐசிஇ1, ஐசிஇ2. புதிய கருவி வேண்டாம், செலவும் இல்லை.

அவ்வாண்டு ஜூலை 7 அன்று லண்டனில் மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டு வெடித்து 52 பேர் கொல்லப்பட்டனர். யோசனை அதற்கு முன்பே வந்துவிட்டது; நாடு கடந்து பரவியது அதன் பிறகுதான். கூடவே ஒரு புரளியும் கிளம்பியது: ஐசிஇ என்று சேமித்தால் கைப்பேசியில் வைரஸ் புகுந்துவிடும் என்று மின்னஞ்சல்கள் சுற்றின. நல்ல யோசனையைப் பரப்பிய அதே வழியில்தான் அந்தப் பொய்யும் போனது.

ஆங்கில எழுத்தறியாத நாட்டில் இந்த மூன்றெழுத்து எதற்கு உதவும்? பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2008இல் தன் இ.123 பரிந்துரையில் எழுத்தை விட்டு எண்ணுக்கு மாறியது: ‘01அப்பா’, ‘02மனைவி’ என்பது போல, சுழியமும் ஓர் இலக்கமும் முன்னால் வரவேண்டும். எந்த மொழியிலும் பொருந்தக்கூடிய ஏற்பாடு. என் கணிப்பில் இதுவே ஐசிஇயைவிடச் செம்மையானது. ஆனால் மக்கள் நாவில் அது ஏறவில்லை.

இரண்டையும் வீழ்த்தியது திரைப்பூட்டு. ஐசிஇ பிறந்த காலத்தில் பட்டன் கைப்பேசியை இரண்டு விசைகளில் எவரும் திறந்துவிடலாம். ஸ்மார்ட்போனில் வங்கிக் கணக்கும் படங்களும் குடியேறிய பின், கடவுச்சொல்லும் கைரேகையும் இல்லாமல் பெயர்ப்பட்டியலை நெருங்க முடியாது. உரியவரைக் காக்கும் பூட்டு, அவர் மயங்கிக் கிடக்கையில் உதவ வந்தவரையும் வெளியே நிறுத்தியது.

ஆகவே, பயனர் வழக்கமாக இருந்ததைத் தயாரிப்பாளர்கள் தம் மென்பொருளுக்குள் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. ஆப்பிள் 2014இல் ஐஓஎஸ் 8 பதிப்பில் ‘மெடிக்கல் ஐடி’யைச் சேர்த்தது, 2016இல் ஆண்ட்ராய்டு 7இல் அவசரத் தகவல் பக்கம் வந்தது. பூட்டிய திரையில் ‘அவசரம்’ என்பதைத் தொட்டால் ரத்த வகை, ஒவ்வாமை, தொடர்பு எண் ஆகியவை தெரியும், உரியவர் முன்கூட்டி நிரப்பியிருந்தால்.

2018இல் வெளியான ஆப்பிள் வாட்ச் நான்காம் வரிசை இன்னும் ஒரு படி தாண்டியது. அணிந்தவர் பலமாக விழுந்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால், கருவியே அவசரச் சேவையை அழைத்து, அவர் குறித்துவைத்த உறவினருக்கு இருப்பிடத்தோடு செய்தி அனுப்பிவிடும். பிராட்சியின் திட்டம் நம்பியிருந்த அந்நியர் இங்கே தேவைப்படவில்லை.