பலபடிகளில் நொதிகளை நிலைநிறுத்துதல்: வரலாறு

நீரில் கரையும் நொதியை ஒரு திடப்பொருளோடு பிணைத்தோ, அதற்குள் அடைத்தோ, மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் முறை நொதி நிலைநிறுத்தம் எனப்படும். இதற்குப் பெரிதும் பயன்படுபவை பலபடிகள். சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் இணைந்து உருவாகும் செல்லுலோசு, பாலிஸ்டைரீன், பாலிஅக்ரிலமைடு போன்ற பொருள்களே பலபடிகள். அமினோ அமிலம், மருந்து, உணவு ஆகிய தொழில்களில் இம்முறை இன்று வழக்கத்தில் உள்ளது. நொதியை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைப்பது என்ற கேள்வியே இதன் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

தேவை

நொதிகளில் பெரும்பாலானவை புரதங்கள். மிதமான வெப்பத்தில், நீரில், குறிப்பிட்ட ஒரு வினையை மட்டும் அவை விரைவுபடுத்துகின்றன. ஆயினும் ஆலையில் அவற்றைப் பயன்படுத்துவதில் ஓர் இடர் இருந்தது. நொதி வினைக்கலவையில் கரைந்துவிடுவதால், வினை முடிந்தபின் அதைத் திரும்பப் பெறுவது கடினம். வெப்பத்தாலோ அமிலத்தாலோ அதைச் சிதைத்து வடிகட்டி நீக்கினார்கள். வினையில் செலவாகாத பொருளே வினையூக்கி என்பது பாடநூல் இலக்கணம். ஆலையிலோ அது ஒவ்வொரு தடவையும் செலவாகிக்கொண்டிருந்தது.

தொடக்கம்

1916-இல் அமெரிக்க வேதியியலாளர்களான நெல்சன், கிரிஃபின் ஆகிய இருவரும் சர்க்கரையைப் பிளக்கும் இன்வர்டேசு நொதியைக் கரித்தூளின் மேற்பரப்பில் ஒட்டவைத்தார்கள். ஒட்டிய நிலையிலும் நொதி தன் வேலையைச் செய்தது. நொதி செயல்படுவதற்குக் கரைசலில் இருந்தாக வேண்டியதில்லை என்பதை இது காட்டியது. எனினும் இந்த அவதானிப்பு தொழில்முறையாக வளரப் பல பத்தாண்டுகள் ஆயின.

1953-இல் ஜெர்மனியின் குருபோஃபரும் ஷ்லைத்தும் பாலிஸ்டைரீனிலிருந்து பெற்ற பிசினோடு பெப்சின் உள்ளிட்ட நொதிகளை வேதிப்பிணைப்பால் இணைத்தார்கள். கரியில் ஒட்டிய நொதி எளிதில் கழன்றுவிடும். வேதிப்பிணைப்பு அவ்வாறு விடுவதில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வினை நடக்கும் பகுதியிலோ அதன் அருகிலோ பிணைப்பு விழுந்தால், நொதி தன் திறனை இழந்துவிடும்.

இசுரேலின் வைசுமான் ஆய்வு நிறுவனத்தில் எஃப்ரயிம் கட்சால்ஸ்கி இச்சிக்கலை விரிவாக ஆராய்ந்தார். அமினோ அமிலங்களைக் கொண்டே செயற்கைப் பலபடிகளைத் தயாரித்து வந்த அவரது குழு, டிரிப்சின் போன்ற நொதிகளை அவற்றோடு இணைத்தது. பலபடியின் மின்னூட்டம் மாறினால், நொதி சிறப்பாகச் செயல்படும் அமிலத்தன்மை அளவும் மாறுகிறது என்பதையும் அக்குழு கண்டறிந்தது. தாங்கும் பொருள் வெறும் சட்டகமன்று, நொதியின் சூழலே அதுதான் என்பது இதனால் தெளிவாயிற்று. இவரே பின்னர் 1973 முதல் 1978 வரை இசுரேலின் குடியரசுத் தலைவராக இருந்தார். நொதி நிலைநிறுத்த ஆய்வுகளுக்காக 1985-இல் ஜப்பான் பரிசு பெற்றார்.

1963-இல் பெர்ன்ஃபெல்ட், வான் ஆகியோர் வேறொரு வழியைக் காட்டினார்கள். அவர்கள் நொதியை எதனோடும் பிணைக்கவில்லை. நொதியைச் சுற்றிலும் பாலிஅக்ரிலமைடு கூழ்மத்தை உருவாக்கினார்கள். அந்த வலையின் கண்கள் வழியே சிறு மூலக்கூறுகள் சென்று வரும். பெரிய நொதி வெளியேற முடியாது. ஆனால் பெரிய மூலக்கூறுகளின் மீது வினைபுரியும் நொதிகளுக்கு இம்முறை பொருந்தாது.

ஆலைக்குள் நுழைதல்

1969-இல் ஜப்பானின் தனாபே செய்யாக்கு மருந்து நிறுவனத்தில் இச்சிரோ சிபாட்டாவின் குழு இம்முறையைத் தொழிலுக்குக் கொண்டுவந்தது. நிலைநிறுத்தப்பட்ட நொதியின் முதல் தொழிற்பயன்பாடாக இதுவே கருதப்படுகிறது. செயற்கையாகத் தயாரிக்கும் அமினோ அமிலத்தில் எல், டி என்னும் இரு ஆடி வடிவங்களும் கலந்திருக்கும். உடலுக்குத் தேவையானது எல் வடிவம். அசிட்டைல் தொகுதி சேர்த்த கலவையை அமினோஅசைலேசு நொதியிடம் கொடுத்தால், அது எல் வடிவத்தை மட்டும் விடுவிக்கும். எஞ்சியதைச் சூடாக்கி, மீண்டும் இரு வடிவக் கலவையாக்கித் திருப்பி அனுப்பலாம்.

சிபாட்டா குழு பல தாங்குபொருள்களை ஒப்பிட்டு, டெக்ஸ்ட்ரான் என்னும் பலபடியிலிருந்து பெற்ற டிஇஏஇ-செஃபாடெக்சைத் தேர்ந்தது. இதில் நொதியைப் பிடித்திருப்பது மின்னூட்ட ஈர்ப்பு. அது வேதிப்பிணைப்பைவிடத் தளர்வானது. அத்தளர்வே நன்மையாயிற்று: நொதியின் திறன் பெரிதும் கெடவில்லை, வாரக்கணக்கில் ஓடியபின் திறன் குறைந்தால், அதே நிரலில் புதிய நொதியை ஏற்றிக்கொள்ளலாம். உற்பத்திச் செலவு சுமார் 40 விழுக்காடு குறைந்தது.

1973-இல் அதே நிறுவனம் ஒரு படி மேலே சென்றது. நொதியைப் பிரித்தெடுக்காமல், ஈ. கோலை நுண்ணுயிரிகளை முழுமையாகவே பாலிஅக்ரிலமைடு கூழ்மத்தில் அடைத்து அஸ்பார்டிக் அமிலம் தயாரித்தது. கூழ்மம் உருவாகப் பயன்படும் அக்ரிலமைடு நச்சுத்தன்மை கொண்டது; நொதிகளையும் அது பாதிக்கக்கூடும். பின்னர் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் காரஜீனன் அதன் இடத்தைப் பிடித்தது.

பெயரும் பரவலும்

1971-இல் அமெரிக்காவின் ஹெனிக்கரில் முதல் நொதிப் பொறியியல் மாநாடு நடந்தது. 'கரையாத நொதி', 'பிணைக்கப்பட்ட நொதி' எனப் பலவாறு வழங்கியவற்றுக்கு 'நிலைநிறுத்தப்பட்ட நொதி' என்ற பொதுப்பெயர் அங்குப் பரிந்துரைக்கப்பட்டது.

மருத்துவத்தில் இதன் பயன் பெரிது. 1967-இல் அப்டைக், ஹிக்ஸ் ஆகியோர் குளுக்கோசு ஆக்சிடேசு நொதியைப் பாலிஅக்ரிலமைடில் அடைத்து, ஆக்சிசன் மின்முனையின் மேல் பொருத்திக் குளுக்கோசை அளந்தார்கள். நீரிழிவு நோயாளிகளுக்கான பிற்கால உணரிகளுக்கு இது ஒரு முன்னோடி. பென்சிலின் வகை மருந்துகளின் மூலப்பொருளான 6-ஏபிஏ-வை வேதிமுறையில் பெற, சுமார் −40° செல்சியசுக் குளிரும் குளோரின் கொண்ட கரைப்பான்களும் தேவைப்பட்டன. நிலைநிறுத்தப்பட்ட பென்சிலின் அசைலேசு அதே வேலையை நீரில், மிதமான வெப்பத்தில் முடிக்கிறது.

இறுக்கிப் பிணைத்தால் திறன் குறையலாம். தளர்த்தினால் நொதி கசியலாம். அடைத்து வைத்தால் மூலக்கூறுகள் உள்ளே சென்றுவரத் தாமதமாகும். எல்லா நொதிகளுக்கும் பொருந்தும் பலபடி எதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு நொதிக்கும், ஒவ்வொரு வினைக்கும் ஏற்ற பிடியைத் தனித்தனியே தேடிக் கண்டறிவதே இத்துறையின் பணியாக இன்றும் தொடர்கிறது.