"ஃபோர்மட் பண்ணவா?": யூஎஸ்பி வயரின் வரலாறும் எங்கட ஹார்ட் டிஸ்க்குகளும்

"கழட்டிப்போட்டுத் திரும்பக் குத்திப் பார்." எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் லெப்டொப்பில் தெரியவில்லை என்றால் கம்பஸில் கிடைக்கும் முதல் ஆலோசனை இதுதான். இரண்டாவது, "மற்றப் போர்ட்டில குத்து." மூன்றாவது, "ரீஸ்டார்ட் பண்ணு." நாலாவதாக யாராவது ஒருவர் வயரை மாற்றச் சொல்லுவார். பெரும்பாலும் இந்த நாலில் ஒன்று வேலை செய்துவிடும். ஏன் வேலை செய்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அந்த 'ஏன்' தான் சுவாரசியம். இந்த நாலு ஆலோசனைக்கும் பின்னால் 1990களில் எடுக்கப்பட்ட சில முடிவுகள் இருக்கின்றன. அந்த முடிவுகள் தெரிந்தால் டிஸ்க் ஏன் தெரியவில்லை என்பதை ஓரளவு ஒழுங்காக யோசிக்கலாம்.

இது வெறும் கொம்பியூட்டர் கதை இல்லை. கலைப்பீடத்தில் இறுதி வருட ஆய்வு செய்கிற பலர் வாய்மொழி வரலாறு சேகரிக்கிறார்கள். எண்பது, தொண்ணூறு வயது ஆட்களிடம் போய் மணிக்கணக்காகப் பேசிப் பதிவு செய்கிறார்கள். பேசியவர் அடுத்த வருடம் இல்லாமலும் போகலாம். அந்தக் குரல் பெரும்பாலும் ஒரேயொரு டிஸ்க்கில்தான் கிடக்கும். ஆவண இழப்பு என்றால் எங்களுக்கு உடனே நினைவு வருவது 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகமும் அதிலிருந்த சுமார் 97,000 நூல்களும். அது வன்முறை, இதை அதோடு ஒப்பிடக் கூடாது. ஆனால் ஆவணம் ஒருவரும் கொளுத்தாமலேயே, ஒரு முழ வயரின் பிழையாலும், பதற்றத்தில் அமத்திய ஒரு பட்டனாலும்கூடப் போகும் என்பதையும் நாங்கள் யோசிக்க வேண்டும்.

யூஎஸ்பிக்கு முந்திய காலத்தை எங்கள் வயதுக்காரர் காணவில்லை. கொம்பியூட்டரின் பின்பக்கம் ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு துளை இருந்தது. பிரிண்டருக்கு 25 ஊசி கொண்ட பரலல் போர்ட், மோடத்துக்கு சீரியல் போர்ட், கீபோர்ட்டுக்கு வேறொரு வட்டத் துளை. வெளி ஹார்ட் டிஸ்க் வேண்டுமென்றால் பலர் நாடியது ஸ்கஸி என்ற முறையை. அதில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 0 முதல் 7 வரை ஒரு இலக்கத்தை நீங்களே சுவிட்ச் தட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டு சாமானுக்கு ஒரே இலக்கம் விழுந்தால் சண்டை. வயர்த் தொடரின் இரண்டு முனையையும் 'டேர்மினேட்டர்' போட்டு மூட வேண்டும். கொம்பியூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பொதுவாக எதையும் கழட்டவோ பூட்டவோ கூடாது. அந்தக் காலத்து ஆட்களுக்கு "குத்தினேன், தெரியவில்லை" என்பது ஒரு முறைப்பாடே இல்லை. ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டால்தான் தெரியும்.

1994 அளவில் ஏழு கம்பனிகள் சேர்ந்தன: கொம்பாக், டெக், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசொப்ட், என்ஈசி, நோர்டெல். எல்லாவற்றுக்கும் ஒரே துளை, குத்தினால் வேலை செய்ய வேண்டும், மூடித் திறக்கத் தேவையில்லை என்பதுதான் இலக்கு. 1996 ஜனவரியில் யூஎஸ்பி 1.0 வெளிவந்தது. இன்டெல்லில் இதை முன்தள்ளியவர்களில் முக்கியமானவர் அஜய் பட், குஜராத்தின் வடோதராவில் படித்த பொறியியலாளர். மூன்று தடவை திருப்பினால்தான் உள்ளே போகும் அந்தத் தட்டைத் தலைக்காக உலகமே திட்டுவது அவரைத்தான். இரண்டு பக்கமும் போகிற மாதிரிச் செய்தால் வயரும் செலவும் இரட்டிக்கும் என்பதால்தான் அப்படிச் செய்யவில்லை என்று அவர் பின்னாளில் சொன்னார். மலிவாக இல்லாவிட்டால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள் என்பது அன்றைய கணக்கு. கணக்குச் சரிதான் என்று நினைக்கிறேன், திட்டுவதும் நியாயம்தான்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். ஸ்கஸியில் மனிதர் கொடுத்த இலக்கத்தை யூஎஸ்பியில் கொம்பியூட்டரே கொடுக்கிறது. நீங்கள் குத்தியதும் முதலில் மின்சாரம் தொடும். தலைக்குள் எட்டிப் பாருங்கள்: ஓரத்து இரண்டு தகடும் நடுவில் இருப்பவற்றைவிட நீளம். அவைதான் மின்சாரத் தகடுகள். டிஸ்க்குக்கு உயிர் வந்த பிறகே தகவல் வயர் தொட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. பிறகு டிஸ்க் ஒரு சின்னத் தடையி மூலம் தகவல் வயர் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்தும். "நான் வந்திருக்கிறன்" என்று கையைத் தூக்குவது மாதிரி. கொம்பியூட்டர் அதை ரீசெட் செய்து, "நீ ஆர்?" என்று கேட்கும். பெயர் இல்லாத புதுச் சாமான் எல்லாவற்றுக்கும் அப்போது முகவரி 0. அது தன் விபரத்தைச் சொன்னால் 1 முதல் 127 வரை ஒரு முகவரி கிடைக்கும். அதன் பிறகுதான் அது டிஸ்க்கா மவுஸா என்று பார்த்து உரிய டிரைவரை விண்டோஸ் தேடும்.

இந்த வரிசை தெரிந்தால் பிழை எந்தப் படியில் என்று கண்டுபிடிக்கலாம். குத்தியும் 'டிங்' சத்தமில்லை, டிஸ்க்கில் லைட்டும் இல்லை என்றால் கையே தூக்கப்படவில்லை. வயர், துளை, மின்சாரம் மூன்றையும் பாருங்கள், விண்டோஸைக் குறை சொல்வதில் பலனில்லை. "யூஎஸ்பி சாமான் அடையாளம் காணப்படவில்லை" என்று திரையில் வந்தால், கை தூக்கியது, ஆனால் "நீ ஆர்?" என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் வரவில்லை. பெரும்பாலும் தேய்ந்த வயர், ஆடுகிற துளை, போதாத மின்சாரம். கழட்டிக் குத்தினால் சில நேரம் சரிவருவது இதனால்தான்: முழு விசாரணையும் முகவரி 0 இலிருந்து திரும்ப நடக்கிறது. டிவைஸ் மனேஜரில் டிஸ்க்கின் பெயர் சரியாகத் தெரிகிறது, ஆனால் 'மை கொம்பியூட்டரில்' இல்லை என்றால் யூஎஸ்பி தன் வேலையை முடித்துவிட்டது. பிழை அதற்கு மேல் மாடியில். அதற்குப் பிறகு வருவேன்.

மின்சாரக் கதையைச் சொல்லாமல் போக முடியாது, எங்களில் பலரின் பிரச்சினை அதுதான். யூஎஸ்பியை வடிவமைத்தவர்கள் மனதில் வைத்திருந்தது கீபோர்ட், மவுஸ், மோடம் மாதிரிச் சாமான்களை. சுத்துகிற ஹார்ட் டிஸ்க் ஒன்று அந்த வயரிலேயே உயிர் வாழும் என்று அவர்கள் கணக்குப் போடவில்லை. அதனால் 5 வோல்ட்டில், அறிமுகம் முடியும் வரை 100 மில்லி அம்பியர், அதன் பிறகு கேட்டால் 500 வரை என்று அளந்து வைத்தார்கள். 2.5 அங்குல டிஸ்க் ஒன்று நின்ற நிலையிலிருந்து சுத்தத் தொடங்கும் அந்தச் சில கணங்களில் கிட்டத்தட்ட 1 அம்பியர் வரை இழுக்கக் கூடும். அதனால்தான் 2000களில் வந்த பல டிஸ்க்குகளோடு இரண்டு தலை கொண்ட வயர் வந்தது, ஒரு துளை போதாவிட்டால் பக்கத்துத் துளையிலும் கடன் வாங்க. 2008 நவம்பரில் யூஎஸ்பி 3.0 இந்த எல்லையை 900 ஆக்கியது. நீல நிறத் துளைகளில் பெரிய டிஸ்க் ஒழுங்காக ஓடுவதற்கு வேகம் மட்டும் காரணமில்லை. தனி மின்சாரம் இல்லாத மலிவு ஹப் ஒன்றிலோ, மெல்லிய நீட்டு வயரிலோ டிஸ்க்கைக் குத்தினால், அது சுத்தத் தொடங்கி நின்று, திரும்பத் தொடங்கி நிற்கும். 'டிங், டொங், டிங்' என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஹப்பைக் கழட்டி, சார்ஜரைப் போட்டு, கட்டை வயரில் நேராகக் குத்திப் பாருங்கள். அப்பவும் 'டிக் டிக்' என்று உள்ளேயிருந்து சீரான சத்தம் வந்தால், தலை தட்டுப்படுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த நேரம் திரும்பத் திரும்பக் குத்துவதுதான் மோசமான வேலை. நிப்பாட்டிவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

யூஎஸ்பி தொடக்கத்தில் எப்படித் தடுமாறியது என்பதற்கு எல்லாரும் சொல்லும் ஒரு சம்பவம் இருக்கு. 1998 ஏப்ரல் 20, சிக்காகோ கொம்டெக்ஸ் கண்காட்சி. விண்டோஸ் 98 குத்தியதும் எப்படி அடையாளம் காணும் என்று மேடையில் காட்டுவதற்காக ஒரு ஸ்கானரைக் குத்தினார்கள். பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, திரை நீலமானது. அதனால்தான் இதை இன்னும் வெளியிடவில்லை போல என்கிற மாதிரிச் சொல்லி அவர் சமாளித்தார். அதே வருடம் ஓகஸ்டில் அப்பிள் தன் ஐமக்கிலிருந்து புளொப்பியையும் பழைய துளைகளையும் தூக்கிவிட்டு யூஎஸ்பியை மட்டும் வைத்தது. கூட்டணியில் இல்லாத கம்பனிதான் அந்தத் துளையைப் பிரபலமாக்கியது.

2000இல் பென்ட்ரைவ் வந்தது. சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனமும், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் தயாரித்ததை விற்ற ஐபிஎம்மும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில். ஐபிஎம் விற்றது 8 மெகாபைட். ஒரு வட்ஸ்அப் வீடியோவுக்கும் காணாது. அதே வருடம் ஏப்ரலில் யூஎஸ்பி 2.0 வந்து, வேகத்தை 12 மெகாபிட்டிலிருந்து 480க்கு உயர்த்தியது. வெளி ஹார்ட் டிஸ்க் நடைமுறைக்கு வந்தது அதனால்தான்.

டிஸ்க்கோடு பேசுவதற்கு அவர்கள் புதிதாக மொழி கண்டுபிடிக்கவில்லை. பழைய ஸ்கஸியின் கட்டளைகளையே யூஎஸ்பி உறைக்குள் போட்டு அனுப்பினார்கள். டிஸ்க்குக்குத் தெரிந்தது "இந்த இலக்கக் கட்டத்தை வாசி, அந்தக் கட்டத்தில் எழுது" என்பது மட்டும். எந்தக் கட்டம் எந்தக் கோப்புக்குச் சொந்தம் என்ற பதிவேட்டை எழுதுவதும் வாசிப்பதும் கொம்பியூட்டரின் பொறுப்பு. மேல்மாடிப் பிரச்சினைகள் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன.

ஒன்று, எழுத்துப் பிரச்சினை. ஏ, பி இரண்டும் புளொப்பிக்கு, சி ஹார்ட் டிஸ்க்குக்கு என்பது டொஸ் காலத்துப் பழக்கம், அந்த எழுத்து முறை அதற்கும் முந்திய சிபி/எம்மிலிருந்து வந்தது. இன்றைக்கும் விண்டோஸ் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு எழுத்துத் தேடுகிறது. கொடுக்காமல் விட்டாலோ வேறொன்றோடு மோதினாலோ டிஸ்க் நல்லாத்தான் இருக்கும், உங்களுக்குத்தான் தெரியாது. டிஸ்க் மனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்து, அதில் வலது கிளிக் செய்து ஒரு எழுத்துக் கொடுத்தால் வந்துவிடும். பயந்துகொண்டு கடைக்குக் கொண்டுபோகிற டிஸ்க்குகளில் சிலதுக்கு இதுதான் வருத்தம்.

மற்றது, பதிவேட்டு முறை. ஃபட்32 எல்லாச் சாமானும் வாசிக்கும், ஆனால் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. இடம் நிறைய இருக்கும்போதே நீண்ட நேர்காணல் வீடியோ ஒன்று "பெரிசு" என்று மறுக்கப்படுவது அதனால். 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்து வைத்துவிட்டே செய்யும். இடையில் வயர் கழன்றாலும் எழும்பிவிட வாய்ப்பு அதிகம். ஆனால் மக்கில் வாசிக்கலாம், எழுத முடியாது. 2006இல் வந்த எக்ஸ்ஃபட் இரண்டிலும் ஓடும், அந்தக் குறிப்பு வைக்கும் பழக்கம் அதற்கில்லை. விண்டோஸ் மட்டும் பாவிக்கிறவர் நேர்காணல் வைக்கிற டிஸ்க்குக்கு என்டிஎஃப்எஸ் எடுப்பதே புத்தி என்பது என் அபிப்பிராயம்.

இப்ப அந்தப் பெட்டி. "மச்சான், ஃபோர்மட் பண்ணச் சொல்லிக் கேக்குது, ஓகே குடுக்கட்டோ?" என்று என் பட்ச் நண்பி ஒருத்தி இரவு பதினொரு மணிக்கு அனுப்பினாள். பதினேழு நேர்காணல் அதில். அந்தக் கேள்வி எவ்வளவு மரியாதையாக வந்தாலும் அதன் அர்த்தம் ஒன்றுதான்: "இந்தப் பதிவேட்டை என்னால் வாசிக்க முடியவில்லை, புதுசு எழுதட்டா?" கட்டங்களில் குரல் அப்படியே கிடக்கலாம். எனவே பதில் 'வேண்டாம்' தான். சில நேரம் டிஸ்க்கில் பிழையே இருக்காது: மக்கில் ஃபோர்மட் செய்யப்பட்டதை விண்டோஸில் குத்தினாலும் இதே மாதிரிக் கேட்கும். முதலில் வேறு வயர், வேறு கொம்பியூட்டர். பிறகு லினக்ஸ் பென்ட்ரைவ் ஒன்றால் லெப்டொப்பை எழுப்பிப் பார்ப்பது, விண்டோஸ் மறுப்பதை அது சில வேளை காட்டும். வாசிக்க முடிந்தால் உடனே வேறு டிஸ்க்குக்குக் கொப்பி. முடியாவிட்டால் டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்ற இலவச மென்பொருட்கள் இருக்கின்றன, மீட்டதை வேறு டிஸ்க்கில்தான் போட வேண்டும். 'செக் டிஸ்க்' கட்டளையை எடுத்தவுடன் ஓட விடாதீர்கள். அது பதிவேட்டைத் திருத்தி எழுதும், கோப்பு மீட்கும் கருவி இல்லை. அவளுடைய பதினேழில் பதினாறு கிடைத்தது. கிடைக்காத ஒன்றைப் பேசியவரிடம் திரும்பப் போய்க் கேட்க இனி வழியில்லை.

கோப்பு காணாமல் போவதற்கு வைரஸும் ஒரு காரணம். 2008 இறுதியில் பரவிய கொன்ஃபிக்கர், பென்ட்ரைவ் குத்தியதும் தானாக எதையாவது ஓட விடும் விண்டோஸின் பழக்கத்தைப் பாவித்தது. 2011இல் மைக்ரோசொப்ட் அந்தப் பழக்கத்தைப் பழைய விண்டோஸ்களிலும் நிறுத்தியது. ஆனால் கோப்புறையை ஒளித்துவிட்டு அதே பெயரில் ஷோர்ட்கட் வைக்கும் கூட்டம் போட்டோகொப்பிக் கடைக் கொம்பியூட்டர்களில் இன்னும் உயிரோடு இருக்கு. டிஸ்க் வெறுமை, ஆனால் இடம் நிறைந்திருக்கு என்று காட்டினால், ஷோர்ட்கட்டைத் தொடாமல் ஒளித்த கோப்புகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

'சேஃப்லி ரிமூவ்' தேவையா என்று கேட்பார்கள். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, எழுதவேண்டியதை நினைவில் பிடித்து வைக்காமல் உடனே எழுதுவதே இயல்பு நிலை. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் எந்தப் பதிப்பும் காப்பாற்றாது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில், மேசைக் கொம்பியூட்டரில் கொப்பி பண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு இது தெரியும்.

கடைசியாக, 2014இல் வந்த யூஎஸ்பி-சி. அஜய் பட் செலவுக்குப் பயந்து விட்டதை 24 ஊசியோடு செய்து முடித்தார்கள், இப்ப எந்தப் பக்கமும் போகும். ஆனால் தலை ஒன்றாகிப்போனதால் வயர்களுக்கிடையே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. ஃபோனோடு வந்த சி வயர் பல, தகவலை யூஎஸ்பி 2.0 வேகத்தில்தான் கடத்தும், சில மலிவு வயர்கள் சார்ஜ் மட்டும்தான் செய்யும். பெயர்களும் குழப்பம்: 3.0 பிறகு 3.1 ஜென் 1 ஆகி, பிறகு 3.2 ஜென் 1 ஆனது, மூன்றும் ஒரே 5 கிகாபிட். புது டிஸ்க் மணிக்கணக்காகக் கொப்பி செய்கிறது என்றாலோ, லைட் எரிந்தும் லெப்டொப் கண்டுகொள்ளவில்லை என்றாலோ, டிஸ்க்கோடு பெட்டிக்குள் வந்த வயரைத் தேடி எடுங்கள். அந்த வயரில் ஒரு துண்டு டேப் ஒட்டி 'டிஸ்க்' என்று எழுதி வைத்தால் வீட்டில் ஆரும் சார்ஜ் போட எடுக்கமாட்டார்கள்.