விழுவோரைத் தாங்கும் கயிறு

உயரத்தில் ஏறுதல் மனிதனுக்குப் பழைய கலை. உயரத்திலிருந்து விழுபவனைக் காத்தல் அவனுக்குப் புதிய கலை. ஏறுவதற்கு ஏணியும் கயிறும் சாரமும் பண்டே படைத்துக்கொண்டவன், விழும்போது உயிர் பிழைக்கும் வழியை அண்மைக் காலத்திலேதான் கண்டறிந்தான். இவ்விரு கலைகளுக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தின் வரலாற்றை, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து ஈண்டு காண்போம்.

இவ்வட்டாரம் பனைவளம் மிக்கது. பல்லவ மன்னன் இராசசிம்மன் கற்றளி எடுப்பித்த பனைமலை, தன் பெயரிலேயே அம்மரத்தைத் தாங்கி நிற்கிறது. அங்கு உறையும் இறைவனுக்கும் தாலகிரீசுவரர் என்பது பெயர். தாலம் என்றால் பனை. விக்கிரவாண்டியை அடுத்த பூரிகுடிசை முதலிய சிற்றூர்களில் பனையேறுதல் இன்றும் வாழ்வுத் தொழிலாக நிலவுகிறது. நன்கு வளர்ந்த பனை 60 அடிக்கு மேலும் ஓங்கும். பாளை சீவுவதற்குக் காலையும் மாலையும் ஏறவேண்டும். ஒருவர் 60 அடி மரங்கள் இருபதை நாள்தோறும் இருமுறை ஏறுவதாகக் கொள்வோம். அவர் 2,400 அடி ஏறி, 2,400 அடி இறங்குகிறார். செஞ்சிக் கோட்டையின் இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். அம்மலையை நாள்தோறும் மும்முறை ஏறி இறங்குவதற்கு ஒப்பானது அவர்தம் உழைப்பு. மலையில் படியுண்டு, மரத்தில் படியில்லை.

அவருக்குத் துணை எது? கால்களைப் பிணைக்கும் தளைநார். பாதங்கள் இரண்டும் விலகாமல் மரத்தைப் பற்றிக்கொள்ள அது உதவுகிறது. எளிய கருவிதான், ஆயினும் நுட்பமான கருவி. எனினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. வழுக்காமல் அது காக்கும், வழுக்கியபின் காக்காது. கைப்பிடி நழுவியவனை மரத்தோடு இணைத்து நிறுத்தும் ஆற்றல் தளைநாருக்கு இல்லை. நம் முன்னோர் படைத்தவை பெரும்பாலும் ஏறுதற்குரிய கயிறுகளே. வீழ்ச்சியை நிறுத்துதற்குரிய கயிறுகள் அல்ல. சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டும் சாரமும் அத்தகையதே. அது நிற்பதற்கு இடம் தரும், தவறியவனை ஏந்தாது.

இவ்வட்டாரத்துக்கு மற்றோர் உயரம் 1960-களில் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. 1960-களில் தாம்பரத்துக்குத் தெற்கே, திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை, மீட்டர்கேஜ் இருப்புப்பாதை 25,000 வோல்ட் மின்னோட்டத்தால் மின்மயமாயிற்று. அப்பாதை பின்னர் அகலப்பாதையாக மாறிவிட்டது. பனைகள் நின்ற வெளியில் இரும்புக் கம்பங்களும் வரிசையாக எழுந்தன. கம்பமேறும் தொழிலும் பெருகிற்று.

கம்பத்தில் நின்று வேலை செய்வோர் அக்காலத்தில் உலகெங்கும் நம்பியிருந்தது இடுப்பு வாரையே. வாரை இடையிற் கட்டி, அதன் கயிற்றைக் கம்பத்தோடு பிணைப்பர். இந்தியத் தர நிறுவனமும் இவ்வகை வார்களுக்கான 3521 என்னும் தரவிதியை 1960-களில் வகுத்தது. கயிறு அறாவிடில் மனிதன் பிழைத்தான் என்று பலரும் எண்ணினர். ஆனால் அறாத கயிறே ஆளைக் கொல்லக்கூடும். அஃது எவ்வாறு?

சிறு கணக்கொன்று இதனை விளக்கும். 80 கிலோ எடையுள்ள ஒருவர் 2 மீட்டர் விழுந்தபின் கயிறு இறுகுகிறது எனக் கொள்வோம். நீளாத கயிறு அவரைப் பத்தே சென்டிமீட்டரில் நிறுத்துமாயின், அவர்மேல் விழும் விசை சராசரியாக அவர் எடையைப்போல் 21 மடங்கு. அதாவது 1,680 கிலோ பாரம். அதே மனிதரை ஒரு மீட்டர் தூரத்தில் மெல்ல நிறுத்தினால், விசை 3 மடங்காகக் குறையும். 240 கிலோ பாரமே. விழுந்த உயரம் ஒன்றுதான். நிறுத்திய தூரமே வேறு. முன்னது இடையில் கட்டிய வாரில் இறங்கினால் முதுகெலும்பும் உள்ளுறுப்புகளும் சிதையும். பின்னது உடல் தாங்கக்கூடியது.

மாந்தோப்பில் பழம் பறிப்போர் இவ்வுண்மையை அறிவர். கிளையிலிருந்து விழும் பழத்தைப் பலகையில் ஏந்துவார் இல்லை. சாக்கைத் தளர விரித்துப் பிடிப்பர். சாக்கு தழைந்து கொடுப்பதனால் பழம் நசுங்குவதில்லை. வலிமை காப்பதன்று, விட்டுக்கொடுத்தலே காப்பது.

இக்கருத்து பெருந்தொழில்களில் நிலைபெற்ற நிகழ்ச்சிகளுள் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. சான்பிரான்சிசுகோ நகரில் கோல்டன் கேட் பாலம் கட்டப்பட்டபோது, தலைமைப் பொறியாளர் யோசப் சுட்ராசு பாலத்தின் அடியில் பெரிய வலையொன்றைக் கட்டுவித்தார். தவறி விழுந்த 19 பேரை அவ்வலை ஏந்திக் காத்தது. ஆயினும் 1937 பிப்ரவரி 17 அன்று சாரம் ஒன்று பெயர்ந்து வலையின்மேல் வீழ்ந்தது. வலை கிழிந்து 10 பேர் மாண்டனர். மனிதனுக்கென அளந்த வலை இரும்பைத் தாங்கவில்லை. எதற்கும் ஓர் அளவுண்டு என்பதையும் அந்நாள் உணர்த்திற்று.

1938-இல் உலகறிய வந்த நைலான், இழுத்தால் நீளும் கயிறுகளுக்கு வழி திறந்தது. பின்னர் உருவானதே அதிர்ச்சி தாங்கும் காப்புக்கயிறு. இதன் ஒரு பகுதியில் வலிய நாடா மடித்து மடித்துத் தைக்கப்பட்டு, சிறு உறைக்குள் அடங்கியிருக்கும். விழும் மனிதனின் பாரம் இழுத்தவுடன் தையல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரியும். ஒவ்வொரு தையலும் வீழ்ச்சியின் வேகத்தில் ஒரு பங்கை உண்டுவிடும். உடலைத் தாக்கும் விசை ஏறத்தாழ 600 கிலோ பாரத்தை மிஞ்சலாகாது என்பது ஐரோப்பியத் தரவிதி. இடுப்பு வார் இருந்த இடத்தில் தோளையும் மார்பையும் தொடையையும் சேர்த்து அணைக்கும் முழுவுடல் வார் வந்தது. வீழ்ச்சியை நிறுத்துதற்கு இடுப்பு வாரைப் பயன்படுத்தலாகாது என்னும் விதி அமெரிக்காவில் 1998 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்தியத் தரவிதி 1999-இல் மூன்றாம் முறையாகத் திருத்தப்பட்டது.

கருவி வந்தது, அதனைப் பயன்படுத்தும் அறிவும் உடன் வரவேண்டும். தையல் பிரிவதற்கு இடம் வேண்டும். கயிற்றின் நீளம் 1.8 மீட்டர், நாடா விரிவது 1.75 மீட்டர் வரை. முதுகில் கயிறு கோத்த வளையத்திலிருந்து பாதம் வரை ஏறக்குறைய 1.5 மீட்டர், எச்சரிக்கைக்கு ஒரு மீட்டர். ஆகக் கயிற்றைக் கட்டிய இடத்துக்கும் தரைக்கும் இடையே 6 மீட்டர், அதாவது 20 அடி வெளி வேண்டும். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் எழும் வீடுகளுள் பல ஒற்றை மாடி, இரட்டை மாடிக் கட்டடங்கள். பத்தடி உயரத்துத் தளத்தில் இக்கயிற்றைக் கட்டி வேலை செய்பவர், தையல் முழுதும் பிரியுமுன்னே தரையில் மோதுவார். அங்கே வேண்டுவது விளிம்பை எட்டவிடாத குறுங்கயிறும் கைப்பிடி வேலியுமே. கயிற்றைக் காலடியில் கட்டாமல் தலைக்கு மேல் கட்டுதல் நன்று. வீழும் தூரம் குறையும். ஒருமுறை வீழ்ச்சியைத் தாங்கிய கயிற்றை மறுமுறை அணிதல் கூடாது. அந்தரத்தில் தொங்குபவரை விரைந்து இறக்கவும் வேண்டும்; நெடுநேரம் வாரில் தொங்கினால் குருதியோட்டம் தடைப்பட்டு உயிருக்கே இடர் நேரும்.

பனையேறுவோர்க்கு இதனால் பயன் உண்டா? உண்டு. மரத்தில் உயரம் குறைவில்லை. கயிற்றைக் கட்டும் இடமே குறை. ஏறுபவரோடு தானும் ஏறி, நழுவும்போது மரத்தை இறுகப் பற்றும் அமைப்பு வேண்டும். தெலங்கானா அரசு 2024 ஜூலையில் கள் இறக்குவோர்க்குக் காப்புக் கருவிகளை வழங்கத் தொடங்கியது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். மரத்துக்குச் செய்த சிறப்பு, மரமேறும் மனிதருக்கும் எட்டுதல் வேண்டும்.

தளைநாரைக் கண்ட மதி சிறிய மதியன்று. அம்மதியின் தொடர்ச்சியே தையல் பிரிந்து உயிர் காக்கும் இந்நாடா. பழையதைக் கழிக்காமல் புதியதைக் கூட்டிக்கொள்வது தொழிலுக்கு இழுக்கன்று. ஏறும் திறமை ஏறுபவரைச் சாரும். விழுந்தால் தாங்கும் பொறுப்போ, அவரை ஏற்றிவிட்டுக் கீழே நிற்கும் நம் அனைவரையும் சாரும்.