வீட்டுப் பள்ளி, விடுமுறைப் பள்ளி: ஒரு சின்ன வரலாறு



செமஸ்டர் பரீட்சை முடிந்து நாலு நாள் ஆகிறது. போன முறை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி உங்களையெல்லாம் தூங்க வைத்துவிட்டேன், மன்னிக்கவும் :-) இந்த முறை வரலாறு.

காரணம் என் வகுப்புத் தோழி ஒருத்தி. அமெரிக்காவில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பதைப் பற்றி எங்கேயோ பார்த்திருக்கிறாள். காலையில் பைபிள், அப்புறம் கணக்கு, மத்தியானம் தோட்டம். கோடை விடுமுறைக்குக்கூட அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம். "நம்ம ஊருக்கு இதெல்லாம் வர இன்னும் அம்பது வருஷம் ஆகும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பிறந்தது காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், தறி ஓடும் வீட்டில். வீட்டிலேயே பாடம், கோடைக்குத் தனி அட்டவணை இரண்டும் எங்கள் தெருவில் எப்போதும் உண்டு. பாடம் மட்டும் வேறு. அந்தச் சிரிப்பு அடங்கியதும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். படித்ததை இங்கே கொட்டுகிறேன்.

ஒரு அம்மாவின் விதி

கிறிஸ்தவ வீட்டுக்கல்வி என்றாலே எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அம்மா. இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சின்ன ஊர், கணவர் பாதிரியார், பெற்றது 19 பிள்ளைகள். பாதிப் பேர் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். மீதி இருந்தவர்களுக்கு வீட்டிலேயே தினமும் ஆறு மணி நேரம் பாடம் நடத்தினார். ஐந்து வயது முடிந்ததும் எழுத்துப் பாடம் ஆரம்பம்.

தன் முறையைப் பற்றி 1732-ல் மகன் ஜானுக்கு விவரமாக எழுதியிருக்கிறார். அதில் ஒரு விதி என் மனசில் நின்றுவிட்டது. பெண் பிள்ளை நன்றாக வாசிக்கக் கற்றுக்கொள்ளும் வரை அவளை வேலைக்கு, அதாவது தையல் போன்ற கைவேலைக்கு, உட்கார வைக்கக் கூடாது. முதலில் வாசிப்பு, பிறகுதான் வேலை. இந்த விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அதற்கப்புறம் சார்லட் மேசன். 1886-ல் வீட்டுக்கல்வி பற்றிப் புத்தகம் போட்டார். 1891-ல் தபால் வழியாகவே பாடத்திட்டம் அனுப்பும் பள்ளியைத் தொடங்கினார். பாடம் சின்னதாக இருக்க வேண்டும், காலையோடு முடிய வேண்டும், மத்தியானம் பிள்ளை வெளியே மரம், செடி, பூச்சி பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. இன்றைக்கு அமெரிக்க வீட்டுப்பள்ளிகளில் பலவும் இவர் பெயரைச் சொல்கின்றன. அங்கே இது இயக்கமாக வளர்ந்தது 1970-களுக்குப் பிறகுதான். 1993-க்குள் 50 மாநிலங்களிலும் சட்டப்படி அனுமதி கிடைத்துவிட்டது.

நம் பக்கக் கதை

இனி நம் ஊர். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் படித்த விதம் வேடிக்கையானது. ஒரு தமிழ் வாத்தியாரை அவருடைய பிள்ளைகளோடு தன் வீட்டிலேயே வந்து பள்ளி நடத்தச் சொன்னார். அந்தப் பொடிசுகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். ஆக, தமிழ்நாட்டில் கிறிஸ்தவ வீட்டுப்பள்ளியின் முதல் மாணவர் ஒரு ஜெர்மன் பாதிரியார் என்று சொன்னால் தப்பில்லை :-)

அதே மணல் எண்பது வருஷம் கழித்து இன்னொருவர் கண்ணில் பட்டது. சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் அநாதைப் பையன்களுக்கான விடுதியை 1789 முதல் நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்தார். தன் பள்ளியில் அதையே செய்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான ஏழைப் பள்ளிகள் அதைப் பிடித்துக்கொண்டன. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது. நம் திண்ணையிலிருந்து போன சரக்கு, அவர்கள் லேபிள்.

அடுத்து கணக்கு. பி.காம் காரன், கணக்கு இல்லாமல் இருக்க முடியாது. கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் மாகாணம் முழுக்கப் பள்ளிக் கணக்கு எடுக்கச் சொன்னார். சென்னை நகரத்திலிருந்து வந்த கணக்கில் பள்ளியில் படித்தவர்கள் சுமார் ஐந்தரை ஆயிரம் பேர். வீட்டில் படித்தவர்கள் சுமார் 27 ஆயிரம் பேர்! கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. மன்றோவுக்கே நம்பிக்கை வரவில்லை, எங்கோ பிழை இருக்கும் என்று 1826-ல் எழுதினார். ஆனாலும் வீட்டில் படிப்பவர்கள் கணிசமான பேர் என்பதை ஒப்புக்கொண்டார். என் தோழிக்கு இந்த ஒரு பத்தியே போதும்.

ஆனால் இதே கணக்கெடுப்பில் சந்தோஷம் கெடுக்கிற ஒரு கடிதமும் இருக்கிறது. பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823-ல் அனுப்பியது. ஐரோப்பியத் துணி வந்து இங்கே நெசவு செய்தவர்கள் நொடித்துப் போனார்கள், ஊரே ஏழையாகிவிட்டது, பெற்றோரால் வாத்தியாருக்குக் கூலி கொடுக்க முடியவில்லை என்கிறார். பிள்ளையின் பிஞ்சுக் கை கால் கொஞ்சம் வேலைக்கு ஆகும் என்று தெரிந்ததுமே அந்த உதவி வீட்டுக்குத் தேவைப்படுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய கடிதம். படித்தபோது எங்கள் தெருவைப் பற்றி எழுதிய மாதிரி இருந்தது.

விடுமுறை யாருக்கு?

வீடு ஒரு பக்கம் என்றால் விடுமுறை இன்னொரு பக்கம்.

மதுரை, ஆற்காடு பக்கம் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயில் தாங்காமல் கோடையில் கொடைக்கானல் ஏறினார்கள். பிள்ளைகளுக்கு அம்மாதான் வாத்தியார். கொஞ்சம் வளர்ந்ததும் அமெரிக்காவுக்குக் கப்பலேற்ற வேண்டும், அப்புறம் பல வருஷம் முகம் பார்க்க முடியாது. அந்தப் பிரிவு தாங்காமல் 1901-ல் அந்த மலையிலேயே ஒரு பள்ளி தொடங்கினார்கள். முன்பு ஹைகிளார்க் பள்ளி, இன்று கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி. கோடை ஓய்வுக்குப் போன இடத்தில் முளைத்த பள்ளி அது.

ஏழைப் பிள்ளைக்கு மலை ஏது? 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் ஊரில் பத்திரிகை நடத்திய ராபர்ட் ரெய்க்ஸ், குண்டூசித் தொழிற்சாலை போன்ற இடங்களில் வாரம் ஆறு நாள் உழைத்த பிள்ளைகள் ஏழாம் நாள் தெருவில் சுற்றுவதைப் பார்த்தார். அந்த ஒரு நாளில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஞாயிறு பள்ளி அப்படித்தான் பரவியது. இன்று அது பைபிள் வகுப்பு, அன்று அதுதான் அந்தப் பிள்ளைகளின் ஒரே பள்ளி.

1898-ல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற பெண்மணி கோடை முழுக்கத் தெருவில் கிடந்த குடியேறிகளின் பிள்ளைகளைப் பார்த்தார். இடம் கிடைக்கவில்லை. ஒரு பீர் கடை ஹாலை வாடகைக்கு எடுத்துப் பள்ளி நடத்தினார். பாட்டு, கதை, கைவேலை, விளையாட்டு. 1901-லிருந்து ராபர்ட் போவில் என்பவர் அதைப் பல இடங்களுக்குக் கொண்டுபோனார். அதுதான் விடுமுறை வேதாகமப் பள்ளி, நம் ஊர் வழக்கில் 'வி.பி.எஸ்'. இன்று தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஏப்ரல் கடைசி, மே முதலில் ஏதாவது ஒரு சர்ச் வாசலில் அந்த பேனர் தொங்கும்.

பத்து நாள் காலை

சரி, இப்போது என் கதை.

காஞ்சிபுரம் பட்டில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் கோர்வை போட வேண்டும். மூன்று நாடா ஓடும். நெய்கிறவர் ஒருவரால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் சேலைக்குக் கிடைக்கும் கூலியில் பாதி அதற்கே போகும். அதனால் அந்த இன்னொரு கை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையின் கை. எங்கள் வீட்டில் அக்காவின் கை. நான் சின்னவன் என்பதால் தார் சுற்றுவது மட்டும்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது பக்கத்துத் தெருவில் இருந்த நண்பன் வி.பி.எஸ்-க்குக் கூப்பிட்டான். நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தனை நாள், எத்தனை மணி?" பத்து நாள், காலை மட்டும். சரி, போய்ட்டு வா என்றார். அங்கே நான் மதம் மாறவில்லை. கலர் பேப்பர் வெட்டினேன், நாடகத்தில் ஆடு வேஷம் போட்டேன், ஒரு அண்ணன் மேப்பில் எகிப்தைக் காட்டினார். பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை ஒருவர் எனக்காக மெனக்கெட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வரலாறு பிடித்தது அந்தப் பத்து நாளில்தான்.

அக்காவும் வரக் கேட்டாள். அவள் எட்டாவது முடித்திருந்தாள். ஆர்டர் சேலை பாதியில் நின்றது, முகூர்த்த மாதம், கோர்வைக்கு ஆள் இல்லை. "லீவுதானே, இந்த ஒரு சேலை முடியட்டும்" என்றார் அப்பா. அந்தச் சேலை ஜூனுக்குள் முடியவில்லை. அடுத்த சேலைக்கு அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது. அவள் ஒன்பதாவது போகவே இல்லை. யாரும் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை. விடுமுறை முடியவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எக்கனாமிக்ஸ் வகுப்பில் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் என்று ஒன்று படிக்கிறோமே, அதை அப்பா படிக்காமலேயே தினமும் போட்டுப் பார்த்தார். அவர் கணக்கில் என் பத்து நாள் காலைக்கு விலை குறைவு. அக்காவின் நாளுக்கு விலை அதிகம். கை பழகப் பழக அந்த விலை ஏறிக்கொண்டே போனது.

அரசாங்கம் போட்ட கணக்கு

1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது ஒரு திட்டம் வந்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் தினமும் மூன்று மணி நேரம் மட்டும் பாடம், மீதி நேரம் பிள்ளை வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பார்த்துக் கற்கலாம். இருக்கிற பள்ளிகளிலேயே இரண்டு ஷிப்டு வைத்து அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் தரப்பு. நெசவாளி மகன் நெசவாளியாகவே இருக்க வேண்டுமா என்பது எதிர்த்தரப்பு. பெரியாரும், எங்கள் ஊர் அண்ணாவும் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

திட்டம் போனது, பழக்கம் போகவில்லை. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத்தோடு செய்யும் பட்டறையைத் தொடவே இல்லை. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், பட்டுத் தொழிலில் முன்பணத்துக்குக் கட்டுண்ட பிள்ளைகள் பற்றி அறிக்கை வெளியிட்டபோது அதில் காஞ்சிபுரமும் இருந்தது. 2009-ல் 6 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றார்கள். கூடவே ஒரு விலக்கு: ஆபத்தானவை என்று பட்டியலிட்ட தொழில்கள் தவிர, குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் 'விடுமுறையிலும்' பிள்ளை உதவலாம். அந்த ஒரு வார்த்தையைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் வீட்டில் எல்லாம் அந்த வார்த்தைக்குள்தானே நடந்தது.

ஆகவே தோழிக்கு என் பதில் இதுதான். வீட்டில் படிப்பது நல்லதா கெட்டதா என்பது கேள்வியே இல்லை. சூசன்னா வெஸ்லி வீடும் வீடுதான், எங்கள் வீடும் வீடுதான். அப்பா அக்காவுக்குக் கற்றுக்கொடுத்ததும் சாதாரணக் கல்வி இல்லை, கோர்வை போடத் தெரிந்த கை லேசில் அமையாது. பிள்ளையின் நேரம் யார் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. பிள்ளை கணக்கில் என்றால் அது கல்வி. வேறு கணக்கில் என்றால் அதற்குப் பெயர் கூலி, கையில் காசு வராவிட்டாலும் கூட. முதலில் வாசிப்பு, பிறகு வேலை என்ற அந்த அம்மாவின் விதி சொல்வதும் இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்கா இந்த வருஷம் பத்தாவது பரீட்சைக்குத் தனித்தேர்வராகப் பணம் கட்டப் போகிறாள். எட்டாவது பாஸ் சர்டிபிகேட்டை அம்மா இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தார். எனக்கு இப்போது லீவு. காலை இரண்டு மணி நேரம் அவள் தறியிலிருந்து எழுந்து வருகிறாள், அந்த நேரம் கரை நாடாவை நான் தள்ளுகிறேன். மத்தியானம் நான் அவளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். நான் நாடா தள்ளும் லட்சணத்தைப் பார்த்து அப்பா தலையில் அடித்துக்கொள்கிறார்.

உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் மே மாதம் எப்படிப் போனது? பின்னூட்டத்தில் எழுதுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.