மலையிலிருந்து இதழுக்கு: தமிழகத்தில் மருத்துவக் கட்டுரை எழுதி அனுப்பும் முறை மாறிவந்த வரலாறு

தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் சென்றால் வத்தல்மலை. பெரியூர், பால்சிலம்பு, ஒன்றிக்காடு எனச் சிற்றூர்களாகச் சிதறிக் கிடக்கும் மலை. காப்பியும் மிளகும் விளைகின்றன. வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். இங்கே நோய் பார்க்கும் மருத்துவர் ஒருவர் பாடநூலில் காணாத ஒன்றைக் கண்டால், அதைத் துறைசார் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவுசெய்ய என்னென்ன செய்ய வேண்டும்?

இன்றைய நிலையில் வேலை நீண்டது. முதலில் நோயாளியின் எழுத்துவழி ஒப்புதல். ஒருவரைப் பற்றிய குறிப்பாக இல்லாமல் பலரை வைத்துச் செய்த ஆய்வானால் நெறிமுறைக் குழுவின் அனுமதி எண். மருந்தைச் சோதித்த ஆய்வானால், முதல் ஆள் சேர்வதற்கு முன்பே இந்தியாவின் மருத்துவச் சோதனை ஆய்வுகளுக்கான சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதிவு. பிறகு ஆசிரியர்களின் பெயரும் பணியிடமும் உள்ள தலைப்புப் பக்கம் ஒரு கோப்பாக, பெயரே இல்லாத கட்டுரை வேறொரு கோப்பாக. கூறு பிரித்த சுருக்கம், குறிச்சொற்கள், வான்கூவர் முறையில் எண்ணிட்ட மேற்கோள்கள், முகம் தெரியாத படங்கள், யார் எதைச் செய்தார் என்ற பங்களிப்புக் குறிப்பு, பொருளாதாரத் தொடர்பு உண்டா இல்லையா என்ற உறுதிமொழி, இதழாசிரியருக்கு ஒரு முகப்புக் கடிதம். இத்தனையும் முடிந்து இணையத்தில் ஏற்றிய பின்தான் மதிப்பாய்வாளர் கைக்குக் கட்டுரை போகும்.

இந்தப் படிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஏமாந்த, அல்லது யாருக்கோ தீங்கு நேர்ந்த வரலாறு இருக்கிறது. அதே வேளையில், ஒவ்வொரு படி கூடும்போதும் சிறிய ஊரின் மருத்துவர் எழுத்திலிருந்து ஓரடி விலகினார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த வரலாற்றைச் சொன்னால் அது பாதி வரலாறுதான் என்பது என் கருத்து.

கடிதமாக இருந்த கட்டுரை

1842இல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய ஜான் கில், பாதம் வீங்கி, புழையோடி, உருக்குலையும் ஒரு நோயைப் பற்றி அறிக்கை எழுதினார். அது பின்னர் ஊரின் பெயராலேயே 'மதுரா கால்' என்று உலகெங்கும் அறியப்பட்டது. 1860இல் பம்பாயில் ஹென்றி வான்டைக் கார்ட்டர் அது பூஞ்சையால் வருவது என்று காட்டி, 'மைசெட்டோமா' என்று பெயரிட்டார். கில்லின் அறிக்கைக்குச் சுருக்கமோ மேற்கோள் பட்டியலோ யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கண்டதைக் கண்டபடி எழுதி மேலதிகாரிக்கு அனுப்புவதே அன்றைய முறை. அரசின் மருத்துவப் பணியும் எழுத்துப் பணியும் ஒன்றாகவே இருந்தன. மாவட்டங்களில் சுற்றிய அறுவை மருத்துவர்களுக்கு, 1866இல் கல்கத்தாவில் தொடங்கிய 'இந்தியன் மெடிக்கல் கெசட்' போன்ற இதழ்கள் அடுத்த தலைமுறைக்கான வாயிலாயின.

அக்காலத்தில் ஒரு கட்டுரையை நம்புவதா வேண்டாமா என்பதை எப்படி முடிவுசெய்தார்கள்? செகந்தராபாத்தில் 1897 ஆகஸ்ட்டில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ராஸின் கட்டுரை இதற்கு நல்ல சான்று. அது அந்த ஆண்டு டிசம்பர் 18 அன்று 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வந்தபோது தனியாக வரவில்லை. ராஸ் அனுப்பிய கண்ணாடித் தகடுகளைப் பார்த்த பாட்ரிக் மேன்சன் முதலானோரின் குறிப்புகளும் உடன் அச்சாயின. இன்று மறைவில் நடக்கும் மதிப்பாய்வு அன்று வாசகர் கண்முன்னே, கையொப்பத்தோடு நடந்தது. எனக்கு அந்த முறைமேல் மதிப்பு உண்டு. பார்த்தவர் யார், என்ன பார்த்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் லண்டனில் மேன்சனைப் போல ஓர் ஆதரவாளர் இல்லாதவருக்கு அந்த வாசல் திறந்திருக்காது. கொசுக்கடிக்குக் கை நீட்டிய நோயாளி ஹுசைன் கானுக்குக் கொசு ஒன்றுக்கு ஓரணா கிடைத்தது. அவருடைய பெயர் வரலாற்றில் அப்படியே நிற்கிறது. மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அப்போது எழவில்லை.

சென்னையில் 1904இல் யு. ராமராவ் 'தி ஆன்டிசெப்டிக்' என்ற மாத இதழைத் தொடங்கியது இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். அரசுப் பணியில் இல்லாத, தனியாகத் தொழில் செய்த இந்திய மருத்துவர் தாம் கண்டதை எழுத ஓர் இடம் கிடைத்தது. அரசியலிலும் முன்னணியில் நின்ற ராமராவ் போன்றவர்கள் இதழ் நடத்தியதால், மருத்துவ எழுத்து மேலதிகாரிக்குத் தரும் அறிக்கை என்ற நிலையிலிருந்து சக மருத்துவருக்குச் சொல்லும் செய்தி என்ற நிலைக்கு நகர்ந்தது.

ஒருவர் கையிலிருந்து பலர் கைக்கு

1913இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் தொடங்கிய 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' எழுத்தின் தன்மையையே மாற்றியது. தருமபுரிக்காரர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு கட்டுரை 1937இல் அதில் வெளியானது: சென்னை மாகாணத்தில் ஃபுளோரைடு நஞ்சால் வரும் எலும்பு நோய் பற்றியது. எழுதியவர்கள் நால்வர். ஷார்ட் கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்தவர். மக்ராபர்ட் பொது மருத்துவர். பர்னார்டு கதிரியக்க நிபுணர், சென்னையின் பர்னார்டு கதிரியக்க நிலையம் அவர் பெயரைத் தாங்கியது. நான்காமவர் மன்னாடி நாயர். நெல்லூர்ப் பகுதி மக்களின் இறுகிப்போன முதுகெலும்பையும் அவர்கள் குடித்த நீரையும் அந்தக் கட்டுரை இணைத்துக் காட்டியது. நோயைப் பார்க்க ஒருவர், படம் எடுக்க ஒருவர், நீரைச் சோதிக்க ஓர் ஆய்வகம் என்று ஆசிரியர் பட்டியலே வேலைப் பங்கீட்டைச் சொல்லிவிடுகிறது.

அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த தருமபுரி 1965இல்தான் தனி மாவட்டமானது. ஃபுளோரைடால் பழுப்பேறிய பல்லும் வளைந்த காலும் இங்கே பல தலைமுறைகளின் அனுபவம். ஜப்பான் நிதியுதவியோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டபோது, அதன் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் தணிப்பு என்ற நோக்கம் இருந்தது. ஒரு கட்டுரைக்கும் குழாயில் வரும் ஆற்றுநீருக்கும் இடையே முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. ஆனாலும் நீரில் என்ன இருக்கிறது என்று அளந்து அச்சிட்டவர்கள் இல்லாமல் அந்தத் திட்டத்துக்கு அடிப்படையே இருந்திருக்காது.

ஆசிரியர் யார் என்ற கேள்வியில் மிகத் துணிவான விடை தந்தது சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம். காசநோயாளியை மருத்துவ விடுதியில் மாதக்கணக்கில் படுக்க வைக்க வேண்டுமா, வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் போதுமா என்ற ஆய்வின் முடிவை 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வெளியிட்டார்கள். தொண்ணூறு பக்கங்களுக்கு மேல் நீண்ட அந்தக் கட்டுரையின் ஆசிரியர் என்று அச்சானது மையத்தின் பெயர். வீட்டுச் சிகிச்சை விடுதிச் சிகிச்சைக்கு ஏறத்தாழ இணையானது என்றும், வீட்டில் உடனிருந்தவர்களுக்குத் தொற்று அதிகரிக்கவில்லை என்றும் காட்டிய அந்தப் பணி, ஏழை நாடுகளின் காசநோய்க் கொள்கையையே மாற்றியது. வீடு வீடாகச் சென்று மாத்திரை எண்ணியவர்களின் உழைப்பையும் உள்ளடக்கும் நேர்மை அந்தக் கூட்டுப் பெயரில் இருந்தது. பிற்காலத்தில் பதவி உயர்வுக்காக முதல் பெயரா, இரண்டாம் பெயரா என்று நடந்த போட்டிகளை நினைத்தால் அதன் அருமை தெரியும்.

இதே காலத்தில் துறை துறையாக இதழ்கள் பிரிந்தன. கல்கத்தாவில் கே.சி. சௌதுரி 1933இல் குழந்தை மருத்துவத்துக்கு ஓர் இதழ் தொடங்கியிருந்தார். 1951இல் சென்னையில் உருவான நரம்பியல் சங்கத்தின் 'நியூராலஜி இந்தியா' 1953இல் வந்தது. கண் மருத்துவ இதழும் அதே ஆண்டில் பிறந்தது.

வான்கூவருக்குப் பின்

1978 ஜனவரியில் கனடாவின் வான்கூவர் நகரில் சில மருத்துவ இதழாசிரியர்கள் கூடினார்கள். அதுவரை ஓர் இதழ் மறுத்த கட்டுரையை இன்னோர் இதழுக்கு அனுப்ப, மேற்கோள் முறை மாறுவதற்காகவே முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் உருவாக்கிய பொது விதிகள் 1979இல் வெளியாயின. மேற்கோளுக்கு எண் இடுவது, இரட்டை இடைவெளி, படங்களுக்குப் பளபளப்பு அச்சு என்று தொடங்கிய அந்தச் சிறு பட்டியல்தான் வளர்ந்து, ஆசிரியர் என்றால் யார், நோயாளியின் அந்தரங்கம் என்றால் என்ன என்பதுவரை இன்று தீர்மானிக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஆசிரியராகப் போடக்கூடாது என்று 2023இல் சேர்த்ததும் இதே குழுதான்.

அந்த விதிகள் பரவிக்கொண்டிருந்த காலத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் வத்தல்மலை போன்ற இடங்களுக்கு முக்கியமானவை.

மகாராஷ்டிரத்தின் மகாடு வட்டாரத்தில், பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றிய ஹிம்மத்ராவ் பாவஸ்கர், செந்தேள் கொட்டி வந்தவர்கள் இதயம் செயலிழந்து இறப்பதைப் பார்த்தார். ஒவ்வொருவரின் நாடி, இரத்த அழுத்தம், வியர்வை, கை கால் சில்லிடுதல் எல்லாவற்றையும் மணிக்கணக்கில் அருகிலிருந்து குறித்தார். 1982இல் அவருடைய குறிப்பு 'லான்செட்' இதழில் வந்தது. பிராசோசின் மாத்திரையின் பயனைப் பற்றிய கட்டுரை 1986இல் அதே இதழில் வந்தது. அவரிடம் பெரிய ஆய்வகம் இல்லை. இருந்தவை கடிகாரம், இரத்த அழுத்தமானி, நோட்டுப் புத்தகம். கட்டுரைக்கான தயாரிப்பு என்பது எழுத உட்காரும் நாளில் தொடங்குவதில்லை, முதல் நோயாளியின் படுக்கையருகில் தொடங்குகிறது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று இந்தியாவில் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது சென்னையில் நடந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் திரட்டிய இரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரிந்தன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதனை, அமெரிக்காவில் உறுதிப்படுத்தல், 1987இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழில் கட்டுரை. சைமோஸ், பாபு, ஜேக்கப் ஜான், நிர்மலா, சாலமன், லட்சுமிநாராயணா, குவின் என்று எழுவர் பெயர். மாதிரி சேர்த்த முதுநிலை மாணவியின் பெயர் அந்த வரிசையில் இருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. பல ஆய்வுகளில் அந்த இடம் நன்றியுரையோடு முடிந்துவிடும். மாதிரி தந்த அந்தப் பெண்களைப் போன்றவர்களை இன்றைய விதிகள் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படுவோர் என்று வகைப்படுத்துகின்றன. ஒப்புதல் பற்றிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விரிவான வழிகாட்டுதல்கள் 2000, 2006, 2017 என்று பிறகுதான் வளர்ந்து வந்தன.

2007இல் சி.டி.ஆர்.ஐ. பதிவேடு தொடங்கி, 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளுக்குக் கட்டாயமானது. தோற்ற ஆய்வுகளை மறைத்து வென்றவற்றை மட்டும் அச்சிடும் வழக்கத்துக்கு அது போட்ட தடை. இந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் இந்திய மருத்துவக் குழு கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வைக் கட்டுரை எண்ணிக்கையோடு கட்டியது வேறு கதை. 2015இல் முதல் இரண்டு ஆசிரியர்களை மட்டுமே கணக்கில் கொள்வோம் என்று அறிவித்தார்கள், பின்னர் தளர்த்தினார்கள். இதற்கிடையே பணம் வாங்கி எதையும் அச்சிடும் போலி இதழ்கள் பெருகின. அத்தகைய இதழ்களை நடத்திய, ஐதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனத்துக்கு 2019இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. எழுத ஏதுமில்லாதவர்கள் எழுதியாக வேண்டிய நிலையும், எழுத நிறைய உள்ள மலை மருத்துவருக்கு எழுதும் வழி தெரியாத நிலையும் ஒரே காலத்தில் நிலவின.

தருமபுரியில் இன்று

இந்த மாவட்டத்தில் எழுதத் தக்க அனுபவம் குறைவில்லை. சித்தேரி மலைக்கு அருகே சிட்டிலிங்கியில் 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா இணையர் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கியபோது அங்கே ஆயிரம் பிறப்புக்கு 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றி அந்த எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்தார்கள். தருமபுரி நகரில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தடை எங்கே என்றால், முதலில் படிப்பதில். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டம் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்துவிட்டது. ஆனால் அது அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு உரியது. ஆரம்ப சுகாதார நிலையம் அந்த வரிசையில் இல்லை. அடுத்தது நெறிமுறைக் குழு. தமக்கெனக் குழு இல்லாத நிறுவனம் மற்றொன்றின் குழுவை ஒப்பந்தத்தின் பேரில் அணுகலாம் என்று 2017 வழிகாட்டுதலே இடமளிக்கிறது. கல்லூரிக் குழு மலை மருத்துவர்களின் சிறு ஆய்வுகளுக்கென்று நாள் ஒதுக்கினால் பாதி சுமை இறங்கும். மீதிப் பாதி பெயரில் இருக்கிறது: குடும்பப் பெயர் இல்லாத நம்மவர்கள் இதழின் படிவத்தில் அதற்கென உள்ள கட்டத்தில் ஒருமுறை தந்தை பெயரையும் மறுமுறை முதலெழுத்தையும் இட, ஒருவருடைய கட்டுரைகளே இருவருடையவை ஆகிவிடுகின்றன. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாக 2012இல் வந்த ஆர்கிட் எண் இதைத் தீர்க்கிறது. பெறக் கட்டணமும் இல்லை.

எல்லாவற்றிலும் கடினமானது நோயாளியின் அடையாளம். சென்னையில் '45 வயது ஆண்' என்றால் அவர் கூட்டத்தில் கரைந்துவிடுவார். வத்தல்மலையின் ஒரு சிற்றூரைக் குறித்து, வயதையும் தொழிலையும் நோயையும் எழுதினால், அந்த மலையில் அவரைத் தெரியாதவர் இருக்கமாட்டார். முகத்தை மறைத்து என்ன பயன்? பழங்குடியினரிடையே ஊர்ப் பெரியவர்களின் இசைவு வேண்டும், ஆனால் அது தனி ஒருவரின் ஒப்புதலுக்கு ஈடாகாது என்று இந்திய வழிகாட்டுதல் சொல்கிறது. அடையாளம் தெரியக்கூடிய நோயாளிக்குக் கட்டுரையையே காட்ட வேண்டும் என்று வான்கூவர் குழுவின் விதி சொல்கிறது. ஆகவே மலையிலிருந்து போகும் கட்டுரைக்குக் கூடுதலாக ஒரு படி தேவை: அனுப்பும் பொத்தானை அழுத்துமுன், ஆங்கிலத்தில் எழுதியதை அந்த மனிதரிடம் தமிழில் முழுவதும் சொல்லி, எந்த வரி வேண்டாம் என்கிறாரோ அந்த வரியை நீக்குவது.