ஓமும் எச்.பி.யும்: புதுக்கோட்டைப் பம்புசெட்டுகளில் மின்கணக்கின் வரலாறு

ஆலங்குடி, கீரமங்கலம் வட்டாரத்து மோட்டார் கொட்டகைகளில் ஸ்டார்ட்டர் பலகையின் முகப்பில் இரண்டு முட்கள் ஆடும். ஒன்று வோல்ட்டைக் காட்டுவது, மற்றது ஆம்பியரைக் காட்டுவது. தடையையும் திறனையும் காட்டும் முள் பலகையில் இல்லை; அவற்றை இந்த இரண்டிலிருந்தே கணக்கிட்டு எடுக்க வேண்டும். வகுத்தால் தடை, பெருக்கினால் திறன். பள்ளியில் இரண்டு வரியில் முடிந்துவிடும் இந்தக் கணக்கு எங்கிருந்து கிளம்பியது, கிணற்றடிக்கு வந்தபோது எப்படி மாறியது என்பதைத் தேடுவதே இக்கட்டுரை.

ஜெர்மானிய ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம் 1825-26இல் சோதனைகளைத் தொடங்கியபோது அவருக்குப் பெரிய தொல்லை தந்தது மின்கலம். அதன் அழுத்தம் ஒரு நிலையில் நிற்கவில்லை. இயற்பியலாளர் பொகென்டார்ஃப் சொன்ன யோசனைப்படி செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையை உருகும் பனியிலும் வைத்தார். அசையாத அழுத்தம் கிடைத்த பிறகுதான் கம்பியின் நீளத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவு பிடிபட்டது. 1827இல் இதை விளக்கும் அவரது நூல் வந்தது. லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் அளித்தது 1841இல்தான். அதே ஆண்டில் இயற்பியலாளர் ஜூல், கம்பியில் எழும் வெப்பம் ஓட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் ஏற்பக் கூடும் என்று வெளியிட்டார். ஓம், வோல்ட், ஆம்பியர் ஆகியவை 1881 பாரிஸ் மாநாட்டில் அலகுகளாயின; வாட் 1889இல் சேர்ந்தது. ஆக, இந்தக் கணக்கை உலகம் முழுவதும் ஒரே அலகில் போடுவதற்கு 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

1948 ஜனவரி 1இல் ஓமின் அளவு மீண்டும் திருத்தப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 3இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. பாசனத்தைப் பொறுத்தவரை, 1934இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாயின் நீர் இன்றைய மாவட்டத்தின் கிழக்கே, அறந்தாங்கிப் பக்கம்தான் வந்து சேர்கிறது. மற்ற ஊர்களுக்குக் கண்மாயும் கிணறும்தான். மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் இறங்கியபோது, ‘எச்.பி.’ என்ற சொல்லும் கூடவே வந்தது. எச்.பி. என்றால் குதிரைத்திறன்; ஒரு குதிரைத்திறன் 746 வாட்.

அந்தச் சொல் கட்டண அரசியலிலும் இடம் பிடித்தது. மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972இல் கோவையில் விவசாயிகள் மாட்டுவண்டிகளோடு திரண்டார்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமாயிற்று, மற்றவர்கள் எச்.பி. கணக்கில் கட்டணம் செலுத்தினார்கள். 1990இல் அனைவருக்கும் இலவசம். பெரும்பாலான பாசன இணைப்புகளில் மீட்டர் பார்த்து யூனிட் எண்ணும் வழக்கம் போயிற்று. மோட்டாரின் எச்.பி.யையும் மாதிரி மீட்டர்களையும் வைத்தே பயன்பாடு மதிப்பிடப்படுகிறது. விவசாயிக்கு இது பெரிய நிம்மதி, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மோட்டார் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்ற கேள்வி அதனால் மறைந்துவிடவில்லை.

பள்ளிச் சூத்திரம் அப்படியே பொருந்தாத இடமும் இதுதான். மும்முனை மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, அதை 1.732ஆலும் திறன் காரணியாலும் (பவர் ஃபேக்டர்) பெருக்கினால்தான் வாட் வரும். ஓர் எடுத்துக்காட்டு: 400 வோல்ட், 9 ஆம்பியர், திறன் காரணி 0.8. விடை ஏறத்தாழ 4,990 வாட். தடையிலும் இதே சிக்கல் உண்டு. ஸ்டார் இணைப்பில் ஒரு முனைக்கு 231 வோல்ட். அதை 9ஆல் வகுத்தால் 25.7 ஓம். நின்ற மோட்டாரின் காயிலை மல்டிமீட்டரில் அளந்தாலோ அதைவிட மிகக் குறைவாகவே வரும். ஓடும் மோட்டாரில் ஓட்டத்தைத் தடுப்பதில் பெரும்பங்கு செம்புக் கம்பியின் தடைக்கு இல்லை. காந்தப்புலத்துக்கும் சுழற்சிக்கும் உண்டு.

‘லோ வோல்டேஜில் காயில் எரிஞ்சு போச்சு’ என்று விவசாயி சொல்வதை ஓம் விதியை மட்டும் படித்தவர் நம்பத் தயங்குவார். பல்பில் அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் குறையும். மோட்டார் அப்படியல்ல. அது தூக்க வேண்டிய நீரின் சுமை மாறாததால், அழுத்தம் இறங்க இறங்க ஓட்டத்தைக் கூட்டி ஈடுகட்டுகிறது. 400 வோல்ட் 340 ஆகும்போது, மற்றவை மாறவில்லை என்று கொண்டால், 9 ஆம்பியர் 10.6 ஆகும். ஜூல் கண்ட உறவின்படி காயிலின் வெப்பம் 38 சதவீதத்துக்கு மேல் கூடும். சூடேறிய செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடுவதால் உண்மைச் சேதம் இன்னும் மிகுதி. விவசாயி சொன்னது சரிதான்.

ஆழ்குழாய்க் கிணறு ஆழமாக ஆழமாகக் கேபிளும் நீள்கிறது. 250 மீட்டர் நீளம், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் ஒரு கம்பியின் தடை 1.08 ஓம். 9 ஆம்பியர் பாயும்போது மூன்று கம்பிகளிலும் சேர்ந்து சுமார் 260 வாட் வெறும் வெப்பமாகிப் போகிறது.

எச்.பி. என்பது மோட்டாரின் தண்டு தரும் திறன். மின்கம்பத்திலிருந்து அது இழுப்பது வேறு. பெயர்ப்பலகையில் 5 எச்.பி. என்றால் 3,730 வாட். முன்சொன்ன எடுத்துக்காட்டு 5 எச்.பி. மோட்டார் எனக் கொண்டால், அது இழுத்தது 4,990. நாளொன்றுக்கு 10 மணி நேரம் ஓடினால் ஒரு மோட்டாருக்கே 12 யூனிட்டுக்கு மேல் வேறுபாடு. மீட்டர் இல்லாத கொட்டகையில் அதைக் கண்டுபிடிக்க அந்த இரண்டு முட்களும், கம்பியைச் சுற்றிப் பிடித்து ஓட்டத்தை அளக்க எலக்ட்ரீஷியன் கையிலிருக்கும் டாங் டெஸ்டரும்தான் இருக்கின்றன.