கிளமான்ஸ் ஒண்டிய தெரு

அல்பெர் காம்யுவின் ‘வீழ்ச்சி’ (1956) நாவலை மாணவர்களோடு வாசிக்கத் தொடங்கும்போது, நான் முதலில் விரிப்பது ஆம்ஸ்டர்டாம் வரைபடத்தைத்தான். பாரிஸில் பேர்பெற்ற வழக்கறிஞர் கிளமான்ஸ். ஓர் இரவு பாலத்திலிருந்து ஸேன் ஆற்றில் ஒரு பெண் விழுகிறாள். அலறல் கேட்டும் அவன் அசையவில்லை. அந்தக் குற்றவுணர்வோடு அவன் வந்து ஒண்டுவது ஆம்ஸ்டர்டாமின் பழைய யூதர் குடியிருப்பில். காம்யு இந்த இடத்தைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை.

1942 முதல் அந்நகரின் ஹாலண்ட்சே ஸ்கௌபர்க் நாடக அரங்கில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்து, வெஸ்டர்போர்க் முகாம் வழியாக ஆஷ்விட்ஸ், சோபிபோர் கொலைமுகாம்களுக்கு ரயிலேற்றினார்கள். நெதர்லாந்தின் சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1944-45 பஞ்சக் குளிரில், யூதர்கள் கொண்டுசெல்லப்பட்டதால் ஆளற்றுப்போன வீடுகளின் உத்தரங்களையும் படிகளையும் பெயர்த்து நகரத்தார் அடுப்பெரித்தார்கள். பல வீடுகள் சரிந்தன. பட்டினியில் செய்ததை நான் பழிக்கமாட்டேன். ஆனால், ரயில்கள் புறப்பட்டபோது நிலவிய மௌனம்? அதுவே கிளமான்ஸின் மௌனமும்.

எல்லோரும் வாய்மூடி இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்: 1941 பிப்ரவரியில் யூதர்களுக்காக இதே ஊர்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நாடக அரங்கு 1962 முதல் நினைவிடமாக இருக்கிறது.